காம்பவுண்டா, ரீகர்வா? டெல்டாவுல ரெண்டையும் கையில எடுத்தவங்க சொல்லுங்க

#1 குடந்தைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். வில்வித்தையில நான் அடிக்கிறது ரீகர்வ், அதாவது நுனி முன்பக்கம் வளைஞ்ச, சக்கரம் இல்லாத வில். 25 அங்குல ரைசர் (நடுப்பிடி), மீடியம் லிம்ப் (மேலயும் கீழயும் மாட்டற வளையற பட்டை), ஆக 68 அங்குல வில். லிம்புல 34 பவுண்டுன்னு (இழுக்கற பளு) போட்டிருக்கு. சம்பா அறுப்பு முடிஞ்சதுலேர்ந்து வைகாசி வரைக்கும் சுவாமிமலை பக்கம் எங்க வயல்லயே அடிப்பேன். மேட்டூர்ல தண்ணி திறந்து, இங்க வாய்க்கால்ல வந்துட்டா கொல்லையில 18 மீட்டரோட சரி.

இப்ப சிங்கப்பூர்லேர்ந்து ஊரோட வந்துட்ட கூட்டாளி ஒருத்தன், தன் காம்பவுண்டை (நுனியில சக்கரமும் கேபிளும் வச்ச வில்) எடுத்துக்கடாங்கிறான். பாதி விலைக்கும் கீழ. 60 பவுண்டு வரைக்கும் போகுமாம். ஸ்கோப் (குறி பாக்கற கண்ணாடி), ரிலீஸ் (நாணை விடற விசை), பெட்டி எல்லாம் சேர்த்து. மனசு அலையுது. நாப்பதைத் தாண்டியாச்சு, தோள்பட்டையும் சாயங்காலமானா முனகுது.

மாத்திக்கலாமா? வீடியோவுல வெள்ளைக்காரன் சொல்றதெல்லாம் பாத்தாச்சு. நம்ம ஊரு காத்து, ஈரம், ரிப்பேர் வசதி இதையெல்லாம் வச்சு யாராவது சொல்லுங்க.

#2 நாகை உப்புக்காத்து

எடுத்துருங்க, யோசிக்காதீங்க. நான் முழுக்க காம்பவுண்டு. 60 பவுண்டு வில்லை இழுக்கறப்ப நடுவுல ஒரு மலை ஏறணும், அவ்வளவுதான். ஏறிட்டா கேம் (நுனியில இருக்கற சக்கரம்) திரும்பி, லெட்-ஆஃப் (குறையற பளு) 80 சதவீதம்னா கையில நிக்கிறது 12 பவுண்டு. உங்க ரீகர்வ்ல 34 பவுண்டையும் கடைசி வரைக்கும் நீங்கதான் தாங்கணும். முனகுற தோளுக்கு எது நல்லதுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

பீப் (நாண்ல இருக்கற சின்னத் துளை) வழியா பாத்து, ஸ்கோப்புல இருக்கற லெவல் குமிழி நடுவுல நிக்குதான்னு பாத்து, ரிலீசை முதுகால இழுத்தா அம்பு போற சத்தமே வேற. ஒரு தடவை அடிச்சுப் பாருங்க, அப்புறம் ரீகர்வ் பக்கம் போக மாட்டீங்க.

#3 வெண்ணாற்றங்கரை

குடந்தைக்காரரே, பவுண்டு, விலை எல்லாம் அப்புறம். உங்கள் நண்பர் எவ்வளவு உயரம்? நீங்கள் எவ்வளவு?

ரீகர்வை யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். கை குட்டையானவர் கொஞ்சம் குறைவாக இழுப்பார், நீளமானவர் கொஞ்சம் கூடுதலாக இழுப்பார். 28 அங்குலத்துக்குத்தான் லிம்பில் பவுண்டு போட்டிருக்கும். ஒரு அங்குலம் குறைந்தால் ஏறக்குறைய 2 பவுண்டு குறையும். காம்பவுண்டு அப்படி வளைந்து கொடுக்காது. அதன் டிரா லெங்த் (நாணை இழுக்கும் நீளம்) கேமில் பூட்டியிருக்கிறது. கேம் முழுதாகத் திரும்பும் இடத்தில் சுவர் மாதிரி ஒரு முட்டு வரும், அதற்கு மேல் வராது. அந்த முட்டு உங்கள் தாடைக்குச் சரியாக வந்தால்தான் அது உங்கள் வில். ஒரு அங்குலம் தள்ளி வந்தாலும் முழங்கை மடங்கும், தலை பின்னால் சாயும். பிறகு எந்த ஸ்கோப் வைத்தும் பயனில்லை.

சுவரில் முதுகை ஒட்டி நின்று இரண்டு கையையும் விரியுங்கள். நடுவிரல் நுனியிலிருந்து நுனிவரை அங்குலத்தில் அளந்து 2.5ஆல் வகுங்கள். முதல் கணக்குக்கு அது போதும். பிறகு வில்லின் கேமில் ஒட்டியிருக்கும் மாட்யூலில் (இழுக்கும் நீளத்தை முடிவு செய்யும் துண்டு) என்ன எழுத்து, என்ன எண் இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

#4 மன்னை ரீகர்வ்

வந்துட்டாங்கய்யா மெஷின்காரங்க. இழுக்கறதுக்குச் சக்கரம், விடறதுக்கு விசை, பாக்கறதுக்கு பூதக்கண்ணாடி. மனுஷன் என்னதான் பண்றான் அதுல? வல்வில் ஓரிக்கு லெட்-ஆஃப் இருந்துச்சா?

குடந்தை அண்ணே, ரீகர்வ்ல மூணு விரல், ஒரு தோல் டேப் (விரலைக் காக்கற துண்டு), நாண் மூக்குலயும் தாடையிலயும் படற இடம், கடைசியா கிளிக்கர் (முழுசா இழுத்தாச்சுன்னு சத்தம் குடுக்கற தகடு) ‘டிக்’குங்கற அந்த நொடி. அந்த டிக் வர்றதுக்குள்ள மனசு எங்கெங்க ஓடுதுன்னு உங்களுக்கே தெரியும். அதை அடக்கறதுதான் வில்வித்தை. தோள் முனகுதுன்னா லிம்பை மாத்துங்க. 28 பவுண்டு லிம்ப் ஒரு ஜோடி வாங்கிப் போட்டா முடிஞ்சது. வில்லையே மாத்துவாங்களா?

#5 நாகை உப்புக்காத்து

மன்னைக்காரரே, சக்கரம் தானா பத்துல போய் குத்தாது. காம்பவுண்டை 1960கள்ல அமெரிக்காவுல மிசௌரிக்காரர் ஹோலஸ் வில்பர் ஆலன் செஞ்சார். 1969ல காப்புரிமை கிடைச்சது. அன்னைக்கும் இதே பேச்சுதான் பேசியிருப்பாங்க.

உங்களுக்கு 70 மீட்டர், இலக்குத் தாள் 122 செ.மீ., பத்துப் புள்ளி வட்டம் 12.2 செ.மீ. எங்களுக்கு 50 மீட்டர், தாள் 80 செ.மீ., பத்துப் புள்ளி வட்டம் வெறும் 8 செ.மீ. உங்க ஆட்டத்துல ஒரு செட்ல ஒரு அம்பு ஆறாம் வட்டத்துல பட்டு மானம் போனாலும் அடுத்த செட்ல புதுசா தொடங்கலாம், ஆறு செட் புள்ளி முதல்ல எடுத்தவன் ஜெயிச்சான். எங்களுக்கு 15 அம்பு, மொத்தக் கூட்டல். மேல்மட்டத்துல ஒரு ஒன்பது விழுந்தா ஆட்டம் போச்சு. கருணையே கிடையாது.

அப்புறம், உலக சாம்பியன்ஷிப்ல இந்தியாவுக்கு முதல் தங்கம் எதுல வந்துச்சு? 2023 பெர்லின்ல ஜோதி சுரேகா, அதிதி சுவாமி, பர்னீத் கவுர் மூணு பேரும் காம்பவுண்டு அணியில வாங்கினது. அதே போட்டியில அதிதி தனிநபர் சாம்பியன், அப்ப அந்தப் பொண்ணுக்கு வயசு 17. ஆண்கள்ல ஓஜஸ் தேவ்தலே. அதே வருஷம் ஹாங்சோ ஆசிய விளையாட்டுல காம்பவுண்டுல இருந்த அஞ்சு தங்கமும் நமக்கே. ரீகர்வ்ல ஒலிம்பிக் பதக்கம் இன்னும் ஒண்ணு கூட இல்ல. 2024 பாரிஸ் ஒலிம்பிக் கலப்பு அணியில தீரஜும் அங்கிதாவும் நாலாவது இடம் வரைக்கும் வந்தாங்க, அவ்வளவுதான். 2028 லாஸ் ஏஞ்சலிஸ்ல காம்பவுண்டு கலப்பு இரட்டையரும் ஒலிம்பிக்ல வருது. அப்பவும் மெஷின்னு சொல்லுவீங்களா பாப்போம்.

#6 மன்னை ரீகர்வ்

சொல்லுவேன். :)

பாரா ஒலிம்பிக்கை விட்டுட்டீங்களே. பாரிஸ் 2024ல ஹர்விந்தர் சிங் தங்கம் அடிச்சது ரீகர்வ்ல. பாரா ஒலிம்பிக் வில்வித்தையில இந்தியாவோட முதல் தங்கம்.

#7 நாகை உப்புக்காத்து

அதே பாரிஸ்ல ஷீத்தல் தேவியும் ராகேஷ் குமாரும் வெண்கலம் வாங்கினது காம்பவுண்டு. ஷீத்தலுக்குக் கை இல்ல, கால்ல வில்லைப் பிடிச்சு அடிக்குது அந்தப் பொண்ணு. அதைப் பாத்துட்டு வந்து ‘மனுஷன் என்னதான் பண்றான்’னு கேளுங்க.

#8 வில்லாளியின் அம்மா, மாயவரம்

இந்தச் சண்டையில நான் வரல. எங்க வீட்டுல அடிக்கிறது பொண்ணு, எட்டாவது படிக்கிறா. கோச் முதல்ல மூங்கில் வில்தான் குடுத்தார், இந்தியன் ரவுண்டு. சைட் (குறி பாக்கற கருவி) கிடையாது, ஸ்டெபிலைசர் (ஆட்டத்தைக் குறைக்கற கம்பி) கிடையாது, 30 மீட்டர். விலையும் நம்ம கைக்கு அடங்கும். ஆரம்பத்துல முன்கை உள்பக்கம் நாண் உரசி நீலமா கன்னிப் போயிருந்தது, ஆர்ம் கார்டு போட்டும். முழங்கையைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லிக் குடுத்தப்புறம்தான் நின்னுச்சு. இப்ப ரீகர்வ். தாடையில நாண் படற இடத்துல மெழுகோட சேர்ந்து ஒரு கறுப்புக் கோடு, குளிச்சாலும் முழுசா போறதில்ல. ஸ்கூல்ல பேனா கோடான்னு கேக்கறாங்களாம்.

செலவுன்னு பாத்தா ரீகர்வ் எங்களுக்கு ஒத்து வந்தது. ரைசர் அதேதான், 18 பவுண்டுலேர்ந்து 22 போனா லிம்ப் மட்டும் மாத்தினோம். பழைய லிம்பை இன்னொரு பிள்ளைக்குக் குடுத்துட்டோம்.

ராத்திரி கொல்லையில வைக்கோல் தட்டியை நெஞ்சு உயரத்துக்குக் கட்டி, மூணு எட்டு தூரத்துல நின்னு கண்ணை மூடிக்கிட்டு அடிக்கச் சொல்றார் கோச். தாளே கிடையாது. எங்க பட்டுச்சுங்கறதே கணக்கில்ல, முதுகு எப்படி இறுகுதுங்கறது மட்டும்தான். குடந்தை அண்ணா, உங்க தோளுக்கும் இது உதவும்னு நினைக்கிறேன். தோள்ல வலி வருதுன்னா பெரும்பாலும் முதுகால இழுக்காம தோளால இழுக்கறோம்னு கோச் சொல்லுவார்.

#9 குடந்தைக்காரன்

அளந்தாச்சு. கை விரிச்சா 68 அங்குலம். வகுத்தா 27.2. கூட்டாளி ஆறடிக்கு மேல, அவனுக்கு 73 வருது. மாட்யூல்ல என்ன எழுதியிருக்குன்னு அவன்கிட்ட கேட்டிருக்கேன்.

அம்மா சொன்ன தட்டி விஷயம் நல்லாருக்கு. எங்ககிட்ட வைக்கோலுக்கா பஞ்சம்? ஆனா நான் கட்டினது சீக்கிரமே நடுவுல பொத்தலாயிடுது. யாராவது சரியா கட்டியிருக்கீங்களா? காம்பவுண்டு வந்தா அது தாங்குமா?

#10 பட்டுக்கோட்டைத் தென்னை

இது நம்ம ஏரியா. கேளுங்க.

இப்ப மெஷின் அறுப்புக்கப்புறம் உருளை உருளையா சுத்தித் தர்றாங்களே, அந்தக் கட்டை அப்படியே வச்சு அடிக்காதீங்க. உள்ள தளதளன்னு இருக்கும், காம்பவுண்டு அம்பு இறகு வரைக்கும் உள்ள போய் வேன் (அம்போட பிளாஸ்டிக் இறகு) பிஞ்சுடும். மெஷின்ல துவண்டு போகாத நீட்டு வைக்கோல் வேணும், கையறுப்பு வைக்கோல் கிடைச்சா உசத்தி. லேசா தண்ணி தெளிச்சு, முழங்கைத் தடிமனுக்குப் பிரி திரிச்சு, தரையில சுருமாடு மாதிரி சுத்திக்கிட்டே போங்க. ஒவ்வொரு சுத்தையும் மரச்சுத்தியால தட்டி முந்தின சுத்தோட நெருக்கி, கோணி ஊசியில நைலான் கயிறு கோத்துத் தைக்கணும். தென்னங்கயிறு வேணாம். நாலடி அகலம் வந்ததும் நிழல்ல காய வைங்க. உள்ள ஈரம் நின்னா பூஞ்சை பிடிச்சுடும். நடுப்பகுதி தேஞ்சா அங்க மட்டும் புதுப் பிரி செருகிக்கலாம்.

34 பவுண்டு ரீகர்வுக்கு இது ஒரு வெள்ளாமைக்குத் தாராளமா வரும். காம்பவுண்டுக்கு இது பத்தாது. ரெண்டு தட்டியை ஒண்ணு பின்னால ஒண்ணு வச்சு, மேலயும் கீழயும் பலகை குடுத்து, ரெண்டு பக்கமும் மரை போட்ட கம்பியால இறுக்கணும். இல்லன்னா ஃபோம் வாங்கிக்குங்க.

அம்பு பிடுங்கறப்ப ஒரு உள்ளங்கையைத் தட்டியில அழுத்தி, மறு கையால தட்டிக்குப் பக்கத்துலயே அம்பைப் பிடிச்சு நேரா இழுங்க. பின்னால யாரும் நிக்கக் கூடாது. நாக் (அம்போட வால் நுனி) கண்ணுல குத்தும்.

இன்னொண்ணு. நடவு வயல் பின்னால இருக்கற பக்கம் அடிக்காதீங்க, சத்தியமா. கார்பன் அம்பு சேத்துல போனா கிடைக்காது. கிடைக்காததும் பரவால்ல, உழவுல உடைஞ்சு ஊசி ஊசியா சிலாம்பு கிளம்பும். வெறுங்கால்ல இறங்கி நடறது நம்ம வீட்டுப் பொம்பளைங்கதான். வைக்கோலோட மாட்டு வயித்துக்கும் போகும். அம்பு தொலைஞ்சா கண்டுபிடிக்கிற வரைக்கும் அடுத்த அம்பு கிடையாதுங்கறது எங்க தோப்புச் சட்டம்.

#11 புதுவரவு 77

பிரதர், காம்பவுண்டுல கொக்கு மடையான் அடிக்க முடியுமா? என்ன பாயின்ட் (அம்பு முனை) போடணும்?

#12 நெறியாளர்

முடியாது, கூடாது. காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972 என்று ஒன்று இருக்கிறது. கொக்கு, மடையான், நீர்க்காகம் எல்லாம் அதற்குள் அடங்கும், வழக்கு வந்தால் ஜெயில். மேல்நோக்கி விட்ட அம்பு எங்கே இறங்கும் என்பது விட்டவருக்கும் தெரியாது. இதுபற்றி இனி ஒரு கேள்வி வந்தாலும் கணக்கு முடக்கப்படும். விவாதம் தொடரலாம்.

#13 நாகை உப்புக்காத்து

ரிப்பேர் பத்தி குடந்தை கேட்டாரு, நானே சொல்லிடறேன். காம்பவுண்டோட தலைவலி அங்கதான்.

கடற்கரை ஊர்ல இருக்கறதால எனக்கு உப்பு. கேம் அச்சு, லிம்ப் போல்ட், சைட் திருகு எல்லாத்துலயும் செம்பழுப்பா பூக்கும். அடிச்சு முடிச்சதும் துணியால துடைச்சு, திருகுல ஒரு சொட்டு எண்ணெய், நாணுக்கும் கேபிளுக்கும் மெழுகு. மெழுகை விரலால தேய்ச்சு சூடேத்தி உள்ள இறக்கணும். ஐப்பசி கார்த்திகையில பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம். சித்திரை வெயில்ல கார்ல மட்டும் விட்டுடாதீங்க, லிம்ப் ஒட்டு விட்டுப் போகும். இது ரீகர்வுக்கும்தான்.

ஆனா ரீகர்வ்ல நாண் போச்சுன்னா ஸ்ட்ரிங்கர் கயித்தை மாட்டி வாசத் திண்ணையில உக்காந்து மாத்திக்கலாம். காம்பவுண்டுக்கு பிரஸ் வேணும். லிம்பை ரெண்டு பக்கமும் அமுக்கிப் பிடிச்சாத்தான் நாணும் கேபிளும் தளரும். பிரஸ் இல்லாம அவுக்க நினைச்சா லிம்ப் தெறிச்சு முகத்தைப் பேத்துடும். எனக்குக் கேபிள் இழை இழையா பிரிய ஆரம்பிச்சப்ப பக்கத்துல பிரஸ் வச்சிருக்கவங்க யாரும் சிக்கல. ஒரு பெரிய ஊர்க் கடைக்கு அனுப்பினேன். சீசன் பாதி போனப்புறம் வந்துச்சு. மேல் கேமும் கீழ் கேமும் ஒரே நேரத்துல முட்டல. ஒண்ணு முந்திக்குது, ஒண்ணு பிந்திக்குது. இழுத்து நிறுத்தினா முட்டு ரெண்டு தடவை தட்டுது, அம்பு மேலயும் கீழயும் சிதறுது. கேட்டா, ‘அடிக்க அடிக்க செட்டாயிடும்’னான். செட்டாகாது. கேபிள்ல முறுக்கு ஏத்தியோ இறக்கியோதான் சரி பண்ணணும், அதுக்கும் பிரஸ்தான்.

கடைசியில நாலு பேர் சேர்ந்து ஒரு பிரஸ் வாங்கிட்டோம். அதனால குடந்தை, நீங்க காம்பவுண்டு வாங்கினா ரிப்பேருக்கு நாகப்பட்டினம் வாங்க, மீன் குழம்பும் உண்டு.

#14 மன்னை ரீகர்வ்

இதை ரெண்டாவது பதிவுலயே சொல்லியிருக்கலாம்ல உப்புக்காத்து? ‘யோசிக்காதீங்க’ன்னு அடிச்சு விட்டீங்க.

#15 வெண்ணாற்றங்கரை

உங்கள் இருவர் வழக்கும் தீர்வதாக இல்லை. நான் இரண்டும் வைத்திருக்கிறேன். ரீகர்வ் அதிகம், காம்பவுண்டு எப்போதாவது.

காற்றைப் பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லை. நல்ல காம்பவுண்டில் அம்பு நொடிக்கு 85, 90 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 50 மீட்டரை முக்கால் நொடிக்குள் கடந்துவிடும். ரீகர்வில் 60ஐ ஒட்டித்தான் வேகம், 70 மீட்டர் போக ஒரு நொடிக்கும் மேல் ஆகும். காற்றின் கையில் அம்பு இருக்கும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பு. ஆடியில் தெற்கிலும் மேற்கிலும் இருந்து அடிக்கிற காற்றில், மறிப்பே இல்லாத நம் வெட்ட வெளியில், ரீகர்வ்காரர் இலக்கின் நடு மஞ்சளைப் பார்த்து அடித்தால் அம்பு நீலத்தில் கிடக்கும். காற்று வரும் பக்கம் சிவப்பிலோ நீலத்திலோ சைட்டை வைத்து அடிக்கப் பழக வேண்டும். காம்பவுண்டிலும் காற்று தள்ளும், ஆனால் குமிழியைச் சற்றே சாய்த்துப் பிடித்துச் சமாளிப்பவர்கள் உண்டு. உடம்பைக் காற்று ஆட்டுவது மட்டும் இரண்டுக்கும் பொது. கொரியர்கள் பெண்கள் அணிப் போட்டியில் 1988 முதல் பாரிஸ் வரை தொடர்ந்து பத்து தங்கம் வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் அடிப்பதும் இதே ரீகர்வ்தான், இதே காற்றில்தான். பாரிஸ் தனிநபர் இறுதியில் கொரியாவின் கிம் வூ ஜின் அமெரிக்காவின் பிராடி எலிசனை வென்றது 4.9 மில்லிமீட்டர் வித்தியாசத்தில். இருவர் அம்பும் பத்தில்தான் இருந்தது.

எனவே ‘எது எளிது’ என்று தேடினால் பதில் கிடைக்காது. காம்பவுண்டில் முதல் மாதம் எளிது. அம்புகள் குவியும், மனம் துள்ளும். பிறகு ஒரு நோய் வரும். ஸ்கோப்பில் உள்ள குறிப்புள்ளி மஞ்சளுக்கு வந்ததும் விரல் தானாக ரிலீசை அமுக்கும். சிலருக்குப் புள்ளி மஞ்சளுக்கு வரவே மறுக்கும், கீழேயே உறைந்து நிற்கும். ரீகர்விலும் இது உண்டு, கிளிக்கர் ஓரளவு காப்பாற்றும். காம்பவுண்டில் காப்பாற்ற ஆளில்லை. மருந்து, மாயவரத்து அம்மா சொன்ன அதே கண் மூடிய தட்டிதான்.

தோள் பற்றி ஒரு வார்த்தை. நிற்கும்போது 12 பவுண்டு என்பது சரி. ஆனால் அந்த 12க்குப் போகும் வழியில் 60ஐ இழுத்தே ஆக வேண்டும். முனகும் தோள் அங்கேதான் கிழியும். லிம்ப் போல்ட்டைத் தளர்த்தினால் 60ஐ ஏறக்குறைய 50க்கு இறக்கலாம், அதற்குக் கீழே பெரும்பாலான வில்களில் இறங்காது. 34ல் முனகுகிறவர் 50ஐ ஒரு நாளைக்கு நூறு முறை இழுக்கலாமா என்று எலும்பு மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். மன்னைக்காரர் சொன்ன 28 பவுண்டு லிம்ப் யோசனை கேலியாக வந்தாலும் நல்ல யோசனை.

கூடுதலாக ஒன்று. தஞ்சாவூர் கலைக்கூடத்தில் திரிபுராந்தகர் (வில்லேந்திய சிவன்) வெண்கலச் சிலையை ஒரு முறை போய்ப் பாருங்கள். கையில் வில் இல்லை, எப்போதோ போய்விட்டது. பிடித்த கை மட்டும் இருக்கிறது. விரல்கள் இறுகாமல் எவ்வளவு தளர்ந்திருக்கின்றன என்று கவனியுங்கள். வில்லை நெரித்துப் பிடிக்காதே என்று மாணவர்களிடம் கத்திக் கத்தி ஓய்ந்து, இப்போது அங்கேதான் அழைத்துப் போகிறேன்.

#16 வில்லாளியின் அம்மா, மாயவரம்

சார், லீவுல பொண்ணைக் கூட்டிட்டு வரேன், கலைக்கூடத்துக்கு.

ஒரு சந்தேகம். இவ வலது கைக்காரி, ஆனா கோச் கண்ணைச் சோதிச்சுட்டு இடது கண் ஓங்கலா இருக்குங்கறார். இதனால வில்லை மாத்தணுமா?

#17 வெண்ணாற்றங்கரை

தொடக்கத்திலேயே தெரிந்தால் இடது கை வில்லுக்கு மாற்றச் சொல்வேன். ரீகர்வ் பழகி நன்றாகவே அடிக்கிறாள் என்றால் இடது கண்ணை மறைத்து அடிக்கலாம், கண்ணாடியில் ஒரு பக்கம் தாள் ஒட்டினால் போதும். நேரில் பார்க்காமல் இதற்கு மேல் சொல்ல மாட்டேன். கோச் சொல்வதைக் கேளுங்கள்.

#18 குடந்தைக்காரன்

கூட்டாளி போட்டோ அனுப்பிட்டான். மாட்யூல்ல 28.5லேர்ந்து 30.5 வரைக்கும்னு போட்டிருக்கு. எனக்கு 27.2. நாண் மேல உரோமம் மாதிரி எழும்பியிருக்கு, அதையும் போட்டோவுல பாத்தேன். எப்ப மாத்தினேன்னு அவனுக்கே ஞாபகம் இல்ல.

வேணாம்னு சொல்லிட்டேன். 28 பவுண்டு லிம்ப் பாக்கறேன். மன்னைக்காரர் ரொம்பக் குதிக்க வேணாம், காம்பவுண்டு ஆசை போயிடல.

#19 பட்டுக்கோட்டைத் தென்னை

எனக்குக் கை விரிச்சா 74. உங்க கூட்டாளி நம்பரைத் தனிச்செய்தியில அனுப்புங்க. நாண், கேபிள் ரெண்டையும் மாத்தற செலவைக் கழிச்சுக்கிட்டுதான் விலை பேசுவேன். உப்புக்காத்து, பிரஸ் காலியா இருக்குமா?

#20 நாகை உப்புக்காத்து

இருக்கும், வாங்க. ஆனா வில்லைப் பாக்கப் போறப்ப அங்கயே இழுத்துப் பாக்காதீங்க. நாண் அந்த நிலைமையில இருக்கு. முக்கியமா அம்பு வைக்காம இழுத்து விட்டுடாதீங்க. வெறும் நாண் விட்டா அம்புக்குப் போக வேண்டிய விசை அத்தனையும் லிம்புலயும் கேம்லயும் திரும்பி அடிக்கும், அங்கயே நொறுங்கிடும். கேம் விளிம்புல பல்லு விழுந்திருக்கா, லிம்ப் நுனியில முடிக்கோடு மாதிரி வெடிப்பு இருக்கான்னு பஞ்சை வச்சுத் தடவிப் பாருங்க. பஞ்சு எங்கயாவது மாட்டுச்சுன்னா விட்டுட்டு வந்துடுங்க. அவரோட அம்பு எதுவும் சேர்த்து வாங்க வேணாம், வில்லை உங்க பவுண்டுக்கு இறக்கினப்புறம் ஸ்பைன் (அம்போட விறைப்பு) பாத்து வேற வாங்கிக்கலாம்.